அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்கு ஊசியா, சொட்டு மருந்தா?

"அப்பாவுக்கு 72 வயது. இரண்டு கண்ணிலும் புரை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார். ஒரு டாக்டர் சொட்டு மருந்து விட்டே செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், புரை நன்றாக முற்றிவிட்டது, கண்ணைச் சுற்றி ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும் என்கிறார். கண்ணில் ஊசி என்றதுமே அப்பா ஆபரேஷனே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். எதில் வலி குறைவு, எது பாதுகாப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு டாக்டர்களும் சரியாகச் சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம். அவர்கள் மனதில் இருந்தது ஒரே ஆபரேஷன் இல்லை, அவ்வளவுதான். நான் கண் மருத்துவர். இருபது வருடங்களுக்கு மேலாக இந்த ஆபரேஷனைச் செய்கிறேன். உங்கள் அப்பாவுக்கு வந்த பயம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருவது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். புரை விழுந்த லென்ஸுக்கு நரம்பே கிடையாது. அதை உடைத்தாலும் உறிஞ்சினாலும் வலிக்காது. வலி தெரிவது அதற்குப் போகும் வழியில். கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா, வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு, உள்ளே கண்மணியைச் சுற்றி நிறமாக இருக்கும் ஐரிஸ், அதன் பின்னால் இருக்கும் சிலியரி தசை ஆகியவைதான் வலியை உணரும். கார்னியாவில் ஒரு தூசி பட்டாலே நாம் துடித்துப்போகிறோம். ஆனால் அங்கே நரம்புகள் மேலாகவே இருப்பதால் இரண்டு சொட்டு மருந்திலேயே மரத்தும் போய்விடும். ஐரிஸும் சிலியரி தசையும் அப்படியில்லை. மேலே விட்ட சொட்டு அங்கே அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். அதனால் ஆபரேஷன் எவ்வளவு ஆழமாக, எவ்வளவு பெரிய வழியில் நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த மருந்து போதும் என்று முடிவாகிறது.

இப்போது அந்த இரண்டு ஆபரேஷன்கள். ஒன்று பேக்கோ. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக ஒரு நுண்ணிய முனையை விட்டு, புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுப்பது. 1967-ல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த முறை. இன்னொன்று எஸ்.ஐ.சி.எஸ். வெள்ளை விழியில் ஆறு, ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்ன சுரங்கம்போல் வெட்டி, புரையை முழுசாக வெளியே எடுப்பது. தையல் வேண்டாம். கல்போல் இறுகிய புரைக்கு இது மிக நல்ல முறை. செலவும் குறைவு. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று இவ்வளவு பெரிதாக நிற்பதில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. எஸ்.ஐ.சி.எஸ். என்றால் ஏதோ பழசு, மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதில் சவ்வைப் பிரிக்க வேண்டும், கசியும் ரத்தக் குழாய்களைச் சூடு வைத்து அடைக்க வேண்டும், புரை வெளியே வரும்போது கண்ணுக்குள் அழுத்தம் மாறும். சொட்டு மருந்து மட்டும் வைத்துக்கொண்டு பொதுவாக இதைச் செய்ய மாட்டோம். ஊசி என்று சொன்ன டாக்டர் இதை நினைத்துச் சொல்லியிருப்பார். சொட்டு என்றவர் மனதில் பேக்கோ இருந்திருக்கும். எந்த ஆபரேஷன் என்று இரண்டு இடத்திலும் கேட்டுப் பாருங்கள்.

சொட்டும் ஊசியும் ஒரே வருடத்தில் பிறந்தவை. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கொக்கெய்ன் கரைசலைத் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். அப்புறம் தன் கண்ணிலேயே விட்டு, குண்டூசியின் தலையால் கார்னியாவைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அந்த செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் கண் மருத்துவர்கள் கூடிய மாநாட்டுக்குப் போகக்கூட அவரிடம் பணமில்லை. வேறொருவர்தான் அவருடைய கட்டுரையைப் படித்தார். அதுவரை பல கண் ஆபரேஷன்களில் நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே வருடம் நியூயார்க்கில் ஹெர்மன் நாப், கண்ணுக்குப் பின்னால் கொக்கெய்னை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். கொக்கெய்ன் கார்னியாவைக் கெடுத்தது, பழக்கமாகவும் பிடித்துக்கொண்டது. வெட்டும் பெரிதாக இருந்த காலம் என்பதால் கண்புரைக்குச் சொட்டு பின்னால் போய், ஊசி முன்னுக்கு வந்தது. பேக்கோ வந்து துளை சுருங்கிய பிறகு, 1990-களில்தான் வேறு நல்ல மருந்துகளோடு சொட்டு திரும்பி வந்தது.

சரி, ஊசிக்கு வருவோம். இதில் இரண்டு வகை. பழையது ரெட்ரோபல்பார். கண்ணை அசைக்கும் தசைகள் பின்னால் கூம்புபோல் சேர்கின்றன இல்லையா, அந்தக் கூம்புக்குள்ளேயே ஊசி போகும். மூன்று, நான்கு மில்லி மருந்து போதும். சில நிமிடங்களில் கண் மரத்து, அசையாமல் நிற்கும். ஆனால் பார்வை நரம்பும் ரத்தக் குழாய்களும் அந்தக் கூம்புக்குள்தான் இருக்கின்றன. ஒரு காலத்தில் நோயாளியை மூக்குப் பக்கமாக மேலே பார்க்கச் சொல்லித்தான் இந்த ஊசியைப் போடுவார்கள். 1981-ல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, அப்படிப் பார்த்தால் பார்வை நரம்பு ஊசியின் பாதைக்கே வந்துவிடுகிறது என்று தெரிந்தது. பல பத்து வருடங்களாக எல்லோரும் நல்லது என்று நினைத்துச் செய்த ஒன்று! இன்று நேராகப் பார்க்கச் சொல்கிறோம்.

1986-ல் வந்தது பெரிபல்பார். ஊசி கூம்புக்கு வெளியேயே நிற்கும். இன்று நம் ஊரில் "கண்ணைச் சுற்றி ஊசி" என்றால் பெரும்பாலும் இதுதான். போடும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். மல்லாந்து படுக்க வைப்பார்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவும் நாடியும் பார்ப்பார்கள். கூரையில் ஒரு இடத்தை நேராகப் பார்க்கச் சொல்வார்கள். டாக்டர் உங்கள் கீழ் இமைக்கு அடியில் எலும்பின் விளிம்பை விரலால் தடவி, வெளிப்பக்க ஓரமாக ஒரு இடம் பார்ப்பார். ஊசி இமையின் தோல் வழியாகவோ அதன் உள்பக்கமாகவோ, கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் கொழுப்புக்குள் போகிறது. கண்ணுக்குள் போவதில்லை. பலர் பயப்படுவது கண்மணிக்கு நேரே ஊசி வருவதாக நினைத்துத்தான். முதலில் எறும்பு கடித்த மாதிரி ஒரு குத்து. அப்புறம் மருந்து இறங்கும்போது கண்ணுக்குப் பின்னால் பாரம், ஒரு கனம். எரிச்சலும் இருக்கும். இருபது, முப்பது வினாடி என்று சொல்லலாம். மருந்தை எவ்வளவு மெதுவாக விடுகிறோமோ அவ்வளவு வலி குறையும். பிறகு கண்ணை மூடி, மேலே ஒரு மென்மையான பந்தை வைத்துக் கட்டுவார்கள், அல்லது விரலால் அழுத்திவிடுவார்கள். பத்து நிமிடம் கழித்து "வலது பக்கம் பாருங்க, இடது பக்கம் பாருங்க" என்பார்கள். அவர் பார்ப்பதாகத்தான் நினைப்பார், கண் நகராது. அதற்குப் பிறகு ஆபரேஷன் முடியும்வரை அநேகமாக ஒன்றுமே தெரியாது. அவர் பயப்படுவது அந்த அரை நிமிடத்துக்குத்தான்.

மருந்து என்ன என்றால், சீக்கிரம் வேலை செய்யும் லிக்னோகெய்ன், நீண்ட நேரம் நிற்கும் பியூபிவகெய்ன், கூடவே மருந்து பரவ உதவும் ஹயலுரோனிடேஸ். பியூபிவகெய்ன் சேர்ந்திருந்தால் ஆபரேஷன் முடிந்த பிறகும் சில மணி நேரம் கண் மரத்திருக்கும். இமை தொங்கும், இரண்டிரண்டாகத் தெரியும். அன்று சாயங்காலம் இதைப் பார்த்துப் பதற வேண்டாம். மறுநாள் கட்டைப் பிரித்த பிறகும் இரட்டையாகத் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டு ஊசியில் எது மேல்? சோதனைகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் குழுவின் ஆய்வில், வலியிலும் கண் அசையாமல் நிற்பதிலும் ரெட்ரோபல்பாருக்கும் பெரிபல்பாருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வலி ஒன்றுதான் என்றால் ஆபத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதனால் நான் பெரிபல்பார் பக்கம். ஊசி முனை படும் இடத்தில் முக்கியமானவை குறைவு என்பதே காரணம்.

ஆபத்து என்று சொன்னதை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பின்னால் ரத்தக் கசிவு ஏற்பட்டு, ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டி வரலாம். ஊசி முனை கண் கோளத்தையே துளைக்கலாம். பார்வை நரம்பின் உறை வழியாக மருந்து மூளைத்தண்டுக்கே போய், சில நிமிடங்களில் மூச்சு தடுமாறலாம். மூன்றுமே அரிது. கடைசி ஒன்று, உதவி பக்கத்தில் இருந்தால் சமாளிக்கக் கூடியது. அதனால்தான் ஊசி போட்டுவிட்டு நோயாளியைத் தனியாக விட்டுப் போகக் கூடாது, மூச்சைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும் என்கிறோம். கண் துளைபடுவது பற்றி நீங்களே ஒன்றைக் கவனிக்கலாம். அப்பா சின்ன வயதிலிருந்து தடித்த மைனஸ் பவர் கண்ணாடி போட்டவரா? அப்படியானால் அவர் கண் சாதாரணத்தைவிட நீளமாக இருக்கும். பெரியவர்களுக்கு 23, 24 மில்லிமீட்டர் சாதாரணம். 26-ஐத் தாண்டினால் கூர் ஊசி போட நாங்களே யோசிப்போம். லென்ஸ் பவர் கணக்கிட எடுக்கும் ஸ்கேனிலேயே அந்த நீளம் எழுதியிருக்கும்.

சொட்டுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சப்டெனான் என்று பெயர். கண் கோளத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. பிரெஞ்சு சர்ஜன் டெனான் விவரித்ததால் அவர் பெயர். முதலில் சொட்டு விட்டு மரத்துப்போகச் செய்வோம். கண்ணை மேலே, வெளிப்பக்கமாகப் பார்க்கச் சொல்வோம். மூக்கோரமாகக் கீழே, கார்னியாவின் விளிம்பிலிருந்து ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தள்ளி, சவ்வைச் சாமணத்தால் லேசாகத் தூக்கி, கத்தரியால் பொட்டு அளவுக்கு ஒரு நறுக்கு. அந்தத் துளைக்குள் வளைந்த, முனை மழுங்கிய ஒரு குழாய், கண்ணின் வளைவை ஒட்டியே வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். மூன்று, நான்கு மில்லி மருந்தை மெதுவாக விட்டால் போதும். கூர்முனை எதுவும் கண்ணுக்குப் பின்னால் போவதில்லை. ஸ்டீவன்ஸ் என்ற டாக்டர் 1992-ல் இந்த மழுங்கிய குழாய் முறையை எழுதிய பிறகு பிரிட்டனில் இது நன்றாக வேரூன்றியது.

வலியை மட்டும் பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கிறது. சொட்டையும் சப்டெனானையும் ஒப்பிட்ட சோதனைகளில், ஆபரேஷன் நடக்கும்போது சப்டெனான் போட்டவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. சொட்டு விட்டவர்களுக்கும் தாங்க முடியாத வலி இல்லை, பெரும்பாலோர் லேசாகத்தான் உணர்ந்தார்கள். ஆனால் வித்தியாசம் உண்மைதான். சப்டெனானில் தொந்தரவு என்றால் சவ்வு நீர் கோத்து உப்பும், வெள்ளை விழியில் ரத்தம் திட்டாகப் பரவும். மறுநாள் கண் செக்கச்செவேல் என்று இருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கலங்கிவிடுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அதுவாகவே போய்விடும். ஏற்கனவே விழித்திரை ஆபரேஷன் ஆகி உறை ஒட்டிப்போன கண்ணில் இது கஷ்டம். எஸ்.ஐ.சி.எஸ். ஆபரேஷனுக்கும் இது போதும். நம் ஊரில் இது இன்னும் பரவலாக வர வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அப்பாவைப் போல ரத்தம் உறையாத மாத்திரை போடுபவர்களுக்கும், கண் நீளமானவர்களுக்கும் கண்டிப்பாக.

அப்புறம் சொட்டு. ஆபரேஷனுக்கு முன் சில நிமிட இடைவெளியில் புரோபரகெய்ன் சொட்டை நாலைந்து முறை விடுவார்கள். சிலர் லிக்னோகெய்ன் ஜெல்லும் வைப்பார்கள். ஜெல் வைப்பதாக இருந்தால் கிருமி நீக்கும் அயோடின் மருந்தை அதற்கு முன்பே விட்டுவிட வேண்டும். ஜெல் மூடிக்கொண்டால் அயோடின் கண்ணில் சரியாகப் படாது. சொட்டு எட்டாத ஐரிஸ் பகுதிக்காக, துளை போட்ட பிறகு கண்ணுக்குள்ளேயே 1 சதவீத லிக்னோகெய்ன் மிகக் கொஞ்சமாகச் செலுத்துவதுண்டு. பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் கலக்காத மருந்தாக இருக்க வேண்டும் என்பது இதில் கட்டாயம். சொட்டோடு இதையும் சேர்த்தால் வலி இன்னும் குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. சொட்டு முறையில் செய்பவரிடம் "கண்ணுக்குள்ளும் மருந்து வைப்பீர்களா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

சொட்டில் குத்து இல்லை, ரத்தக் கசிவு பயம் இல்லை. முடிந்தவுடனே பார்வை தெரிய ஆரம்பிக்கும். நல்ல பேக்கோ சர்ஜன், சொன்னபடி கேட்கும் நோயாளி என்று இரண்டும் அமைந்தால் இதைவிட எளிது வேறில்லை. ஆனால் கண் அசையும், பார்வையும் இருக்கும். அதற்கு நோயாளி தயாராக இருக்க வேண்டும். இதை நான் ஒரு பாட்டியிடம் கற்றேன்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல். சொட்டு விட்டு ஆரம்பித்தேன். மைக்ரோஸ்கோப் விளக்கைப் போட்டதும் இமையை இறுக்க ஆரம்பித்தார், கைகள் விறைத்துவிட்டன. "வலிக்குதா பாட்டி?" என்றால் "இல்லை" என்கிறார். ஆனால் இறுக்கம் விடவில்லை. நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டேன். "வெளிச்சம் தெரியுதே டாக்டர், மருந்து இன்னும் பிடிக்கலையே, இப்பவே வெட்டிடாதீங்க" என்றார். மரத்துப்போவது என்றால் கண்ணும் இருண்டு போக வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். முன்பே நான் சொல்லாமல் விட்டது என் தவறு. "வெளிச்சம் தெரியத்தான் செய்யும், நான் ஏற்கனவே கண்ணைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்லி, நர்ஸை அவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அதன் பிறகு ஒரு சிரமமும் இல்லை. முடிந்ததும் "நீலமும் ரோஸுமா தண்ணிக்குள்ள கலர் ஓடுச்சு" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்: கூசும் வெளிச்சம் தெரியும், நிறங்கள் ஓடும், முகத்தில் தண்ணீர் வழியும், அவ்வப்போது அழுத்தம் தெரியும். அழுத்தம் வேறு, வலி வேறு. வலி என்றால் கையைத் தூக்காமல் வாயால் சொல்லுங்கள், உடனே இன்னும் மருந்து விடலாம்.

யாருக்குச் சொட்டு ஒத்துவராது? காது சரியாகக் கேட்காதவர், நினைவு தடுமாறுபவர், தலை நடுங்குபவர், கண்ணைத் தொட்டாலே துள்ளுபவர், டாக்டர் பேசும் மொழி புரியாதவர். புரை கல்லாக இறுகியிருந்தாலும், கண்மணி சரியாக விரியாவிட்டாலும் யோசிக்க வேண்டும். அப்பா புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாத்திரை போடுகிறாரா என்று பாருங்கள். அந்த மாத்திரை ஐரிஸைத் தளரவிட்டுவிடும். ஐரிஸைப் பிடித்து விரிக்க வேண்டி வந்தால் சொட்டில் வலிக்கும். கண் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பலருக்குத் தெரிவதே இல்லை.

ஸ்டென்ட் மாத்திரை பற்றி. ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ, கண்புரைக்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து. கண்ணில் வரும் ரத்தத் திட்டு அதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஆபரேஷன் செய்வதுதான் இன்றைய பொதுவான வழக்கம். அதற்கு ஏற்றவை சொட்டும் சப்டெனானும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் என்றால் மட்டும், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துவிட்டுச் செய்வார்கள்.

ஆக, உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது: புரை பேக்கோவில் எடுக்கும் அளவுக்கு இருந்தால், அவர் சொன்னபடி அசையாமல் படுப்பவர் என்றால், சொட்டும் கண்ணுக்குள் லிக்னோகெய்னும். உண்மையிலேயே இறுகிப்போயிருந்தால் எஸ்.ஐ.சி.எஸ்., அதோடு சப்டெனான். அங்கே சப்டெனான் வழக்கம் இல்லை, பெரிபல்பார்தான் போடுவோம் என்றால், அனுபவமுள்ள கையில் அதையும் மறுக்காதீர்கள். மாத்திரை போடுவதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழகாத முறையை உங்களுக்காகச் செய்யச் சொல்லி ஒரு டாக்டரை வற்புறுத்துவது நல்லதில்லை. குழந்தைகளுக்கும், சொல்வதைப் புரிந்துகொள்ளவே முடியாதவர்களுக்கும்தான் முழு மயக்கம்.

இரண்டாவது கண்ணுக்குப் போகும்போது ஒன்று நடக்கும். "போன தடவை வலிக்கவே இல்லை, இந்தத் தடவை வலித்தது, டாக்டர் சரியில்லை" என்பார்கள். அதே டாக்டர், அதே மருந்தாக இருக்கும். இரண்டாவது முறை வலி கூடுதலாகத் தெரிவது ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது. முதல் முறை பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதால் இரண்டாம் முறை கவனம் முழுக்கக் கண்ணிலேயே இருப்பது காரணமாக இருக்கலாம். அப்பாவிடம் இதையும் முன்பே சொல்லி வையுங்கள்.

மரத்துப்போகும் சொட்டை மட்டும் வீட்டுக்கு வாங்கிப் போகாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உறுத்துகிறது என்று சிலர் மெடிக்கல் ஷாப்பில் கேட்கிறார்கள். அடிக்கடி விட்டால் கார்னியா ஆறாமல் கரைய ஆரம்பிக்கும். உறுத்தலுக்கு வேறு மருந்து உண்டு, கேட்டால் டாக்டர் தருவார்.

இந்த வாரமே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அப்பாவை மெல்லிய தலையணையோடு மல்லாந்து படுக்க வைத்து, மூக்கையும் வாயையும் அழுத்தாமல் முகத்தின் மேல் ஒரு மெல்லிய துண்டைப் போட்டு, இருபது நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டுகிறதா, இருமல் வருகிறதா, கால் மரத்துப் புரள்கிறாரா, சிறுநீருக்கு எழுகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பார்த்ததை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசியா சொட்டா என்று கேட்பதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.